கொதிக்கிற வீடு

ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்னால் உள்ள பொட்டலில் வேல்சாமியின் வீடு நின்றுகொண்டிருந்தது. மற்றவர்கள் வீடெல்லாம் இருந்தன. இவர் வீடு மட்டும் நின்றது. அதற்கு ஆறு சக்கரம்.

மேகமலைப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, பாம்புக்குப் பயந்து கட்டிய வீடு அது. சீமையிலிருந்து லாரிச் சட்டம் ஒன்றை வரவழைத்து, அதன் மேல் தேக்கு மரத்தில் அறை எழுப்பினார். உள்ளே கட்டில், அடுப்பு மேடை, முகம் கழுவப் பீங்கான் தொட்டி, மடித்தால் சுவராகிவிடும் மேஜை. பின்பக்கம் கதவும் இறங்கப் படிகளும். பாம்பு வந்தால் அதை அடிக்க வேண்டியதில்லை, வீட்டை ஓட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடலாம் என்பது துரையின் ஏற்பாடு. அவரைக் கடைசிவரை பாம்பு கடிக்கவில்லை. சீட்டாட்டத்தில் நல்ல கை விழுந்து சந்தோஷத்தில் செத்தார். பிறகு மில் முதலாளி அதை வாங்கிக் காசி வரைக்கும் போனார். வீடு வசதியாக இருந்ததால் கங்கையில் இறங்காமல் ஜன்னல் வழியாகவே கும்பிட்டுத் திரும்பினார். அவரும் போன பிறகு, மில் லாரியை ஆயுள் முழுக்க ஓட்டிய வேல்சாமியிடம் வண்டியைத் தள்ளிவிட்டார்கள். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, இதற்கு வீட்டு வரியா வண்டி வரியா என்று சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேலதிகாரியைக் கேட்டு வருகிறேன் என்று போனார். அவரும் ஓய்வு பெற்று, மேலதிகாரியும் ஓய்வு பெற்றாயிற்று. ஊர் நாய்களுக்கும் அதே சங்கடம். வண்டி என்றால் துரத்த வேண்டும், வீடு என்றால் காவல் காக்க வேண்டும். எது என்று முடிவுக்கு வர முடியாமல் ஒரு நல்ல சாதி வெள்ளை நாய் சோறு தண்ணியை வெறுத்துத் தளவாய்புரம் பக்கம் போய்விட்டது.

அந்த வீட்டில் வேல்சாமியும் அவர் மனைவி குருவம்மாளும் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை.

எண்பத்தெட்டாம் வருஷக் கோடையில் குருவம்மாளுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. மதுரையில் காட்டியபோது இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திவிட்டன என்றார்கள். மில்லில் வேலை நிறுத்தம் என்றால் உட்கார்ந்து பேசலாம். இதில் பேச எதிர்த்தரப்பு இல்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. தண்ணி மட்டும் தாராளமாக் குடுத்துராதீங்க. நெஞ்சுல ஏறிக்கிடும்," என்று சொல்லி டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஊரில் அப்போது மழை இல்லை. குழாயில் தண்ணீர் வருகிற அன்று தெருவில் சண்டை நடந்தது. வேல்சாமி வீட்டில் மட்டும் குடம் நிறையத் தண்ணீர் இருந்தும் ஒருத்தி நாக்கு வறண்டு கிடந்தாள். வேல்சாமி டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்ற மாட்டார். ஊற்றும்போது அவள் டம்ளரைப் பார்ப்பாள். அவர் சுவரைப் பார்ப்பார்.

ஒரு நாள் காலையில் குருவம்மாள் கேட்டாள். "இந்தாரும், என்னைய எங்க ஊருக்குக் கொண்டுபோரும்."

"ஏட்டி, உங்க ஊர்ல யாரு வீட்டுக்குப் போவ?"

"யாரு வீட்டுக்கும் வேண்டாம். நம்ம வீட்டுக்கே போவோம்," என்று கட்டிலோரத்துத் தேக்குப் பலகையைத் தட்டினாள்.

அவள் ஊர் பிளவக்கல் அணைக்குக் கீழே. அங்கே அவளுடைய அண்ணன் உக்கிரபாண்டி இருந்தார். தாயார் செத்தபோது அவர் குருவம்மாளுக்கு ஆள் அனுப்பவில்லை. எரித்து முடித்து மூன்றாம் நாள்தான் சேதி வந்தது. ஓடையில் வெள்ளம், ஆள் கிடைக்கவில்லை என்றார். குருவம்மாள் அவர் வாசலுக்கு எதிரே தெருவில் நின்று, "உன் வீட்டுப் படிய இனி மிதிக்க மாட்டேன்" என்றாள். உக்கிரபாண்டியும் சளைக்கவில்லை. "நீயா வாய்விட்டுக் கூப்புடாம உன் வீட்டுப் படியில என் காலும் படாது" என்றார். அந்தக் குடும்பத்தில் ஒருவர் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. அவர்களுடைய தாத்தா ஒருவர், இனி உட்கார மாட்டேன் என்று ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டு, மிச்ச காலத்தை நின்றே கழித்தாராம். பாடையில்தான் படுத்தார்.

"அவன் வாசலுக்கு எதுக்க நம்ம வாசலக் கொண்டுபோயி நிறுத்தும்," என்றாள் குருவம்மாள். "நான் இந்தக் கட்டில்ல கெடந்தபடியே, வாண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லுதேன். அவன் ஏறி வரட்டும். நான் அவன் படிய மிதிச்சதாவும் ஆகாது, அவன் கூப்புடாம வந்ததாவும் ஆகாது. பொறவு செத்தாலும் சரிதான்."

"டாக்சி பிடிச்சா ஒரு மணி நேரத்துல போயிரலாமே."

"டாக்சிக்கு ஏது வாசப்படி?"

வேல்சாமி இறங்கிப் போய் வண்டியின் மூக்கைத் திறந்தார்.

என்ஜின் கிளம்பியது. ஆனால் மில் சுவரைத் தாண்டுவதற்குள் மூடி வழியாக ஆவி பீறிட்டது. என்ஜின் தண்ணீரை ஆற வைக்கிற ரேடியேட்டர் பத்து இடத்தில் ஒழுகியது. ஒழுகாத இடத்தில் அடைத்திருந்தது. அதைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார்.

"என்னய்யா இது, கட்டிலா?" என்றார் கண்டக்டர்.

"ரேடியேட்டரு."

"சீட்டுல வைக்காதீரு. ஆளு உக்காரணும்."

"அதுக்கு ஒடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போவுது."

கண்டக்டர் ரேடியேட்டரை ஒரு தரம் பார்த்தார். "அப்பம் ஜன்னலோரமா வையும். காத்துப் படட்டும்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் பீர் முகமதுவின் ரேடியேட்டர் கடை, ஒரு பால்கோவா அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. பீர் முகமது, சுடுதண்ணீரும் ஈயமும் பட்டுப் பட்டு உள்ளங்கையில் ரேகை அழிந்துபோன மனிதர். கை பார்க்கிற ஜோசியர் ஒருவர் அவர் கையை வெகுநேரம் பார்த்துவிட்டு, நீர் இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லி எழுந்து போனார். வேல்சாமி லாரி ஓட்டிய காலத்திலிருந்து இருவருக்கும் பழக்கம்.

மேல் டேங்கைப் பிரித்ததும் முதலில் மஞ்சள் பொடி வந்தது. அடுத்தது முட்டையின் வெள்ளைக்கரு. அதற்கடியில் புகையிலை, சோப்பு, சாணம். ஒழுகுகிற ரேடியேட்டரில் மஞ்சள் பொடி போட்டால் ஓட்டை அடைபடும் என்பது எல்லா டிரைவருக்கும் தெரியும். ஓட்டையோடு சேர்ந்து குழாயும் அடைபடும் என்பது பீர் முகமதுவுக்குத் தெரியும். அதில்தான் அவர் குடும்பம் நடந்தது.

"என்னண்ணே இது, ரேடியேட்டரா, கொழம்புச் சட்டியா? கருவேப்பிலை ஒண்ணுதான் கொறையுது."

"மஞ்சள் மட்டும் என்னுது. மத்ததெல்லாம் எனக்கு முந்தின ஆளுக சேர்மானம்."

"கீழ கல்லு கல்லா உப்பு வேற பிடிச்சிருக்கு. இந்தக் கெணத்துத் தண்ணிய மனுசனே குடிக்க மாட்டான், இது எம்புட்டு நாளைக்குக் குடிக்கும்?" பீர் முகமது தட்டையான கம்பியை எடுத்து ஒவ்வொரு குழாயாக உள்ளே விட்டு இழுக்க ஆரம்பித்தார். "எப்பம் வேணும்?"

"அவ இருக்கையிலேயே வேணும்."

பீர் முகமது நிமிர்ந்து பார்த்தார். மதினிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அன்றைக்கு வந்திருந்த மற்ற ரேடியேட்டர்களைச் சுவரோரம் தள்ளி வைத்தார்.

ரேடியேட்டர் புதிதுபோல் திரும்பி வந்தது. வேல்சாமியே அதை மாட்டினார். வாட்டர் பம்பைப் பிரித்துச் சுத்தம் செய்தார். அந்த அளவில் ஃபேன் பெல்ட் ராஜபாளையத்தில் இல்லை. மில்லில் நூல் மெஷினுக்குப் போடுகிற பெல்ட்டை வெட்டித் தைத்துப் போட்டார். வேலை செய்கிறபோதெல்லாம் உள்ளேயிருந்து குருவம்மாளின் இருமல் கேட்கும். இருமல் நின்றால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுப்பார். மறுபடி இருமினால் ஸ்பானரை எடுப்பார்.

எல்லாம் முடிகிற நேரத்தில், மேல் ஓஸ் என்கிற ரப்பர் குழாய் என்ஜினோடு சேருகிற இடத்தில் இருந்த தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வெளியே போட்டார். வண்டி வீடாகவே நின்றதால் அது இத்தனை நாள் தப்பியிருந்தது. அதைக் கழற்ற அவர் யோசிக்கவே இல்லை. எந்த வண்டி கைக்கு வந்தாலும் முதலில் அதைக் கழற்றி எறிவது அந்தப் பக்கத்து டிரைவர்களின் வழக்கம். பிறந்த குழந்தைக்குத் தொப்புள் கொடி அறுப்பதுபோல. பனி பெய்கிற தேசத்தில் என்ஜின் சீக்கிரம் சூடாக வேண்டும் என்று வைத்த சாமான். சூடு சும்மாவே கிடைக்கிற ஊரில் தண்ணீர் போகிற பாதையில் அது எதற்கு மறியல் செய்துகொண்டு? முப்பது வருஷமாக அவர் கழற்றிய வால்வுகளைக் குவித்தால் ஆண்டாள் கோபுரத்துக்கு முக்கால் உயரம் வரும். இந்த வால்வைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கிக் குருவம்மாளுக்குக் கொடுத்தார். அவள் ஒன்றே ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்தாள்.

வத்திராயிருப்பு பஸ் டிரைவரிடம் உக்கிரபாண்டிக்குச் சேதி சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் வாரோம், நீர் வாசலில் நிற்கணும் என்று. மறுநாள் விடிந்ததும் வேல்சாமி வீட்டை ஓட்டினார்.

மொட்டமலை வருவதற்குள் சூடு காட்டுகிற முள் சிவப்பில் ஏறி ஒட்டிக்கொண்டது. இறங்கி மூடியைத் துணியால் பிடித்துத் திருகியதும் ஆவி பனைமர உயரத்துக்கு எழும்பியது. மேலே பறந்துகொண்டிருந்த பருந்து ஒன்று பாதி வெந்து விழுந்ததாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். வேல்சாமி குடத்தை எடுத்துக்கொண்டு சாலையோரத் தோட்டத்துக்குப் போனார். கிணற்றடியில் அய்யம்மாள் என்கிற பெண் நின்றாள்.

"தாயி, ஒரு கொடம் தண்ணி."

"குடிக்கவா?"

"வண்டிக்கு."

"நல்லாருக்கே நாயம். என் மொளகாச் செடி கருகிக்கிட்டுக் கெடக்கு, ஒம்ம வண்டிக்குத் தாகமாக்கும். போரும், போரும்."

"உள்ள ஒரு ஆளு சாகக் கெடக்கு, தாயி."

அய்யம்மாள் நம்பாமல் கூடவே வந்து, பின்படியில் ஏறி எட்டிப் பார்த்தாள். இறங்கியபோது முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அவளே குடத்தை வாங்கிப் போய்த் தண்ணீர் இறைத்துக் கொண்டுவந்தாள். கிணற்றில் அடிமண்ணோடு சேர்ந்துதான் தண்ணீர் இருந்தது. வேல்சாமி ரேடியேட்டரில் ஊற்றினார். அது களக் களக் என்று முழுக் குடத்தையும் விழுங்கியது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அதுக்கு மட்டும் கொடம் கொடமா ஊத்துதீரு."

வேல்சாமி காலிக் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு வண்டி கூப்பிடு தூரத்துக்கு ஒரு தரம் கொதித்தது. ஒவ்வொரு தரமும் ஆற விட வேண்டும். தண்ணீருக்கு அலைய வேண்டும். ஊற்றுகிற சத்தம் உள்ளே கேட்காமல் இருக்கத் துணியைப் போட்டு மெல்ல ஊற்ற வேண்டும். சைக்கிளில் போனவர்கள் முந்திப் போனார்கள். ஆட்டு மந்தை ஒன்று முந்திப் போனது. ஜன்னலுக்கு உள்ளே குருவம்மாள் சாலையைப் பார்த்தபடி கிடந்தாள். இடம் மாறுகிறதா என்று பார்ப்பதுபோல் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பீர் முகமதுவின் கடை முன்னால் வண்டி வந்து நின்று இரைந்தபோது உச்சி வெயில். பால்கோவா கிண்டிக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்தாமல் வேடிக்கை பார்த்தார். "பாய், இது நல்லாக் கொதிக்குது. சீனி போட்டுக் கிண்டிர வேண்டியதுதான்."

பீர் முகமது சிரிக்கவில்லை. தன் வேலை தோற்றுவிட்டது என்று அவருக்கு முகம் கறுத்திருந்தது. ரேகையில்லாத கையை ரேடியேட்டரின் மேலே வைத்தார். பிறகு கீழே வைத்தார். கீழே கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"அண்ணே, இங்க தொட்டுப் பாருங்க."

வேல்சாமி தொட்டார். ரேடியேட்டரின் அடி, கோயில் தூண்போலக் குளிர்ந்திருந்தது.

"என்ஜின் கொதிக்குது, ரேடியேட்டர் பச்சத்தண்ணியா இருக்கு. அப்பம் தண்ணி இதுக்குள்ள வரவே இல்ல." பீர் முகமது குனிந்து, பம்புக்குப் பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் இருந்த ஒரு சின்ன ஓஸைக் காட்டினார். "இந்தக் குறுக்கு வழியாவே உள்ளுக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கு. வால்வு என்ன ஆச்சு?"

"கழட்டிட்டேன்."

"எதுக்குக் கழட்டுனீங்க?"

"எதுக்கா? எப்பமும் கழட்டுறதுதானே, பீரு."

"மத்த வண்டியில சரிண்ணே. இதுல அந்த வால்வு ரெண்டு வேலை பாக்கும். சூடு ஏறுனா ரேடியேட்டர் வழியத் தொறக்கும், அதே நேரம் இந்தக் குறுக்கு வழிய அடைக்கும். கழட்டுனா அடைக்க ஆளில்ல. தண்ணிக்கு என்ன, கிட்ட வழி இருந்தா அது ஏன் சுத்திப் போவுது?"

"இது எனக்குத் தெரியாதே."

"எனக்கும் இப்பம் கைய வச்சதுக்குப் பொறவுதான் தெரியுது. அத எங்க வச்சிருக்கீங்க?"

வேல்சாமி பேரீச்சம்பழத்தைப் பற்றிச் சொன்னார். பீர் முகமது உள்ளே போய், பூவரசங்கட்டை ஒன்றை எடுத்து வந்து செதுக்க ஆரம்பித்தார். அதைச் சின்ன ஓஸுக்குள் தக்கையாக அடித்து, மேலே கம்பியால் முறுக்கிக் கட்டினார். வண்டியைக் கிளப்பினார்கள். முள் ஏறியது; பாதியில் நின்றது; நின்ற இடத்திலேயே நின்றது. ரேடியேட்டரின் அடியில் முதல்முறையாகச் சூடு வந்தது. சுண்டுவிரல் நீளக் கட்டை. வேலை ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட இல்லை.

வால்வை அதன் இடத்திலேயே விட்டிருந்தால் இந்நேரம் பிளவக்கல்லில் குருவம்மாள் கூப்பிட்டு, அண்ணன் ஏறி வந்து, பழைய சண்டை அழுதே தீர்ந்திருக்கும். வேல்சாமி இதை யாரிடமும் சொல்லவில்லை. பீர் முகமதுவும் அதைத்தான் நினைக்கிறார் என்பது அவர் சாமான்களைப் பொறுக்கிய விதத்தில் தெரிந்தது.

"நானும் கூட வாரேன்," என்று கடையைச் சாத்திவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார் பீர் முகமது.

வண்டி இப்போது ஓடியது. துரை காலத்தில்கூட அப்படி ஓடியிருக்காது. கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ் ஒன்று எதிரே வந்தது. பையன்கள் ஜன்னலில் தலையை நீட்டி, "தாத்தா, வாடகைக்கு ரூம் இருக்கா?" என்று கத்திவிட்டுப் போனார்கள். வத்திராயிருப்புச் சாலையில் திரும்பியதும் மேற்கே மலை நேராகத் தெரிந்தது. காற்றில் தென்னந்தோப்பின் ஈரவாடை இருந்தது.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால், வீட்டுக்குள் பார்க்க, ஆள் குனிந்து நுழைகிற அளவில் ஒரு சதுர ஓட்டை உண்டு. அதன் வழியாகக் குருவம்மாளின் குரல் வந்தது. "மலை தெரியுதே."

"தெரியுதுட்டி. இன்னும் செத்த நேரந்தான்."

"தண்ணி தாரும்."

பீர் முகமது வேல்சாமியைப் பார்த்தார். டாக்டர் சொன்னது அவருக்கும் தெரியும். வேல்சாமி சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குடு, பீரு."

"எம்புட்டு?"

"கேக்குற அம்புட்டும்."

வண்டியை ஓரமாக நிறுத்தாமல் மெதுவாக்கினார். பீர் முகமது குனிந்து உள்ளே நுழைந்து போனார். குடத்திலிருந்து ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு குடிக்கிற சத்தம். மறுபடி ஊற்றுகிற சத்தம். காலையிலிருந்து ரேடியேட்டர் குடித்ததைக் கேட்ட காதால் வேல்சாமி அதையும் கேட்டார். "போதுமா மதினி?" என்று பீர் முகமது கேட்டது காதில் விழுந்தது. பதில் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் இன்னொரு தரம் ஊற்றினார்.

கொஞ்ச நேரம் வண்டியின் சத்தம் மட்டும்.

பீர் முகமது திரும்பி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது.

"தூங்குதாளா?" என்றார் வேல்சாமி.

"நிறுத்தாதீங்கண்ணே," என்றார் பீர் முகமது. "ஓட்டுங்க."

வேல்சாமி நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த இடத்தில் செத்தவளாகிவிடுவாள். சாலையோரத்தில், பேர் தெரியாத புளியமரத்தடியில். ஓடுகிற வரைக்கும் எந்த இடத்திலும் செத்தவள் இல்லை. அவர் ஓட்டையின் பக்கம் திரும்பவும் இல்லை. "வத்திராயிருப்பு வந்துருச்சுட்டி," என்றார். "அணை தெரியுதுட்டி," என்றார். முள் அசையாமல் பாதியில் நின்றது.

ஊர் எல்லையில் ஆட்கள் காலையிலிருந்தே காத்திருந்தார்கள். வீடு வருவதைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து அலுத்து, பாதிப் பேர் போய், மீதிப் பேர் மத்தியானம் தாண்டியும் இருந்தார்கள். வேல்சாமி இறங்கி நின்ற நிலையைப் பார்த்ததும் சலசலப்பு அடங்கியது. பீர் முகமது விஷயத்தைச் சொன்னார். உடனே, எல்லைச்சாமிக்குப் பூசை வைக்கிற இருளப்பசாமி சாலையின் குறுக்கே வந்து நின்றார்.

"மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வெளியில செத்த பொணம் ஊருக்குள்ள வரக் கூடாது. அது ஊர்க்கட்டு. இப்பிடியே சுடுகாட்டுப் பாதையில திருப்பும்."

"வெளியில சாவல," என்றார் வேல்சாமி. "வீட்டுக்குள்ள கட்டில்ல செத்தா."

"வீடு எங்க வச்சு இருந்துச்சு?"

"வீடு எங்க இருந்தா என்ன? அவ வீட்டுல இருந்தா."

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அஸ்திவாரம் இல்லாதது எப்படி வீடாகும் என்று ஒருவர் கேட்டார். உன் குடிசைக்கு எந்த ஊர்லடா அஸ்திவாரம் என்று இன்னொருவர் கேட்டார். அடுப்பு இருந்தால் வீடு என்றார்கள். அடுப்பு டீக்கடையிலும் இருக்கிறது என்றார்கள். ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, முகம் கழுவுகிற பீங்கான் தொட்டிகூட இருக்கிறது, இது நம்ம பிரசிடெண்ட் வீட்டை விட வீடு என்றார். ராஜபாளையம் நகராட்சி தீர்க்காத வழக்கை அங்கே நின்று தீர்க்கப் பார்த்தார்கள். வேல்சாமி கேட்டுக்கொண்டே நின்றார். ஒவ்வொரு பேச்சும் தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

அப்போது கூட்டம் விலகியது. உக்கிரபாண்டி வந்தார். நெட்டையான மனிதர், சவரம் செய்து, துவைத்த வேட்டி கட்டியிருந்தார். காலையில் வாசலில் நிற்பதற்காக உடுத்தியது அது.

"எதுல வச்சுப் போச்சு உசுரு?" என்று வேல்சாமியைக் கேட்டார்.

"கட்டில்ல வச்சு."

"அவ கட்டிலா?"

"அவ கட்டிலு."

உக்கிரபாண்டி இருளப்பசாமியின் பக்கம் திரும்பினார். "அப்பம் வீட்டுலதான் செத்திருக்கா. வழிய விடும்."

இருளப்பசாமி விலகினார்.

குருவம்மாள் சொன்னபடியே வேல்சாமி நிறுத்தினார். தெருவில் வண்டியைப் பின்னால் எடுத்து, அதன் படிகள் உக்கிரபாண்டியின் வாசற்படிக்கு நேர் எதிரே வரும்படி விட்டார். என்ஜினை அணைத்தபோது ஆவி வரவில்லை; ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒழுகவில்லை. ஊர்ப் பெண்கள் படியேறி உள்ளே போனார்கள். ஒப்பாரி தேக்குப் பலகைக்குள்ளிருந்து அடங்கின குரலில் வந்தது.

உக்கிரபாண்டி கடைசிப் படிக்கு முன்னால் வந்து நின்றார். ஏறவில்லை.

"காலையில வாரதாச் சொன்னீக," என்றார். "ஏன் இம்புட்டு நேரம்?"

"வண்டி சூடாயிருச்சு, மச்சான்."

உக்கிரபாண்டி தலையை ஆட்டினார். அவருக்கு வேண்டியது அதுவல்ல. குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எதுவும் சொன்னாளா? என்னைய வரச் சொல்லி… வாய்விட்டு எதுவும்?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அந்த மனிதர் படியேறிவிடுவார். வேல்சாமியின் வாய்வரைக்கும் அந்தச் சொல் வந்தது. ஆனால் அதைச் சொல்லத்தான் அவள் நாக்கு வறண்டு இத்தனை தூரம் வந்தாள். அவளுக்குக் கிடைக்காததை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவளுடைய கடைசி நாளில் ஏற்கெனவே ஒரு காலைப் பொழுதைக் கழற்றி எறிந்தவர் அவர்.

"இல்ல மச்சான்," என்றார். "கூப்புடத்தான் வந்தா. கிருஷ்ணன்கோவில் தாண்டுனதும் தண்ணி கேட்டா. அம்புட்டுதான்."

"குடுத்தீகளா?"

"குடுத்தோம்."

உக்கிரபாண்டி படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போன பெண்கள், ஏறி வந்து முகத்தைப் பாரும் என்று அழைத்தார்கள். அழைக்க வேண்டியவர்கள் அவர்கள் இல்லை. பீர் முகமது வண்டியின் மூக்கோரமாகப் போய் நின்றுகொண்டு, ஆறிக்கொண்டிருந்த தகரத்தின் மேல் கையை வைத்திருந்தார்.

மறுநாள் குருவம்மாளை இறக்கினார்கள். கதவு குறுகல், வேல்சாமி கால்மாட்டைப் பிடித்து உள்ளேயிருந்து கொடுத்தார். கீழே நின்று இரண்டு கையையும் நீட்டித் தலைமாட்டைத் தாங்கி வாங்கியவர் உக்கிரபாண்டி. எக்கி நின்றதில் அவர் முகம் அவள் முகத்தில் பட்டது. படியில் கால் படவில்லை.